சாமி கும்பிடாதவர் செய்த சாமி

எழுபதுகளின் நடுவில், ஒரு ஐப்பசி மாதத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் மயிலாப்பூரில், லஸ் முனையிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு பழைய வீட்டின் மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருடம். ஊர் விருதுநகர் பக்கம் என்பதால் மெட்ராஸ் புதிது. கணவரும் புதிது. இரண்டில் எது என்னை அதிகம் படுத்தியது என்று கேட்டால், யோசிக்காமல் கணவர் என்றுதான் சொல்வேன்.

அவர் கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் வரைபடம் போடுகிற டிராஃப்ட்ஸ்மேன். குடி கிடையாது, சீட்டு கிடையாது, சிகரெட்கூடக் கிடையாது. தங்கமான பையன் என்று சொல்லித்தான் வீட்டில் கட்டிவைத்தார்கள். சாமி கும்பிட மாட்டார் என்பது ஒன்றுதான் குறை. எங்கள் கல்யாணமே ஐயர் இல்லாமல், ஒரு தலைவர் முன்னிலையில் இரண்டு மாலையோடு முடிந்தது. நான் கோயிலுக்குப் போனால் கூடவே வருவார். உள்ளே வர மாட்டார். வெளியே நின்று என் செருப்பைப் பார்த்துக்கொள்வார். அதோடு விட்டாலும் பரவாயில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பூக்காரம்மாவிடம், கல்லுக்கு எதற்கம்மா பூ என்று விவாதம் செய்துகொண்டிருப்பார். அவள் பிழைப்பே அந்தப் பூதான் என்பது அவருக்கு உறைக்கவே உறைக்காது. மனதில் பட்ட உண்மையை அந்த நிமிஷமே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இதையெல்லாம்கூட நான் பழகிக்கொண்டேன். பொம்மைகளைத்தான் பழக முடியவில்லை.

லஸ் நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவரிடமிருந்து ஒருநாள் அட்டை கிழிந்த ஒரு வெளிநாட்டுப் படப் பத்திரிகையை வாங்கிக்கொண்டு வந்தார். அதில் பசிபிக் சமுத்திரத்துத் தீவுகளைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படம். தென்னை, கடல், படகு, நடுவே மரத்தில் செதுக்கிய உருவங்கள். உடம்பில் பாதி தலையாக இருக்கும். உருண்டைக் கண், காதுவரை கிழிந்த வாய், வயிற்றின்மேல் இரண்டு கை, கட்டைக் கால். நான் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவரோ ஏதோ புதையல் கிடைத்த மாதிரி அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று முழுக்க "பாலினேசியா, பாலினேசியா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஏதோ தலைவலி மாத்திரையின் பெயர் என்று நினைத்துக்கொண்டேன். அந்த உருவங்களுக்கு டிக்கி என்று பெயராம். கார் டிக்கியா என்று கேட்டேன். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அடுத்த வாரமே உளி வந்தது, அரம் வந்தது, உப்புத்தாள் வந்தது. ஆபீஸ் விட்டு வந்ததும் மாடிப்படியின் மேல்படியில் உட்கார்ந்து தட்ட ஆரம்பிப்பார். முதலில் கட்டைவிரல் அளவு பொம்மைகள், பிறகு கை அளவு. மாடிப்படியில் படிக்கு ஒன்றாக அவை உட்கார்ந்து போகிறவர் வருகிறவரை எல்லாம் பல்லைக் காட்டி முறைத்தன. மரத்தூள் எங்கே இல்லை என்று கேளுங்கள். தலையணையில் இருந்தது, தண்ணீர்க் குடத்தில் இருந்தது. ஒருநாள் ரசத்தில் மிதந்ததைக் கறிவேப்பிலைக் காம்பு என்று நினைத்துக் கடித்துவிட்டேன்.

கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரம்மா நல்லவர். அவரே பொறுக்க முடியாமல் ஒருநாள் மேலே வந்து, மாடியில் யாருக்காவது சவப்பெட்டி அடிக்கிறீர்களா என்று கேட்டார். இந்த மனிதர் அதைப் புரிந்துகொள்ளாமல், ஆர்வமாகக் கேட்கிறார்கள் என்று நினைத்து, கொலுவுக்கு ஒரு டிக்கி தருகிறேன் என்றார். வருகிற பிள்ளைகள் சுண்டல்கூட வாங்காமல் ஓடிவிடும், வேண்டாம் தம்பி என்று அந்தம்மா சொல்லிவிட்டுப் போனார்.

ஒருநாள் நல்ல மழையில் குடையை எடுத்தேன். விரித்தால் துணி மட்டும் தொங்குகிறது. குடைக்கம்பி நடுவில் பள்ளமாக இருக்குமாம். நுனியைத் தீட்டிவிட்டால், கண்ணும் வாயும் குடைய அதைவிட நல்ல உளி கடையில் கிடைக்காதாம். விளக்கமாகச் சொன்னார். நான் நனைந்துகொண்டே கேட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் அடையாற்றில் இருந்த அவருடைய ஆபீஸ் நண்பர் வீட்டுக்கு விருந்துக்குப் போனோம். சுவரை இடிக்கிறது என்று அவர்கள் வீட்டுப் பூவரச மரத்தை அன்றைக்குத்தான் வெட்டிப் போட்டிருந்தார்கள். அந்தத் தீவுகளிலும் பூவரசு உண்டு, அங்கேயும் அதில்தான் செதுக்குகிறார்கள் என்று பத்திரிகையில் படித்திருக்கிறார் போலிருக்கிறது. பாயசம் சாப்பிடும்போதே அவர் கண் ஜன்னல் வழியாகக் கட்டையின் மேல்தான். கிளம்பும்போது முழங்கால் உயரத்துக்கு ஒரு துண்டை அறுத்துத் தோளில் வைத்துக்கொண்டார். நான் கல்யாணப் பட்டுப்புடவையில் இருந்தேன்.

பஸ் கண்டக்டர் ஏற விடவில்லை. "இன்னா சார், கட்டையோட ஏர்ற? இது கிருஷ்ணாம்பேட்டை போற வண்டி இல்ல" என்றார். கிருஷ்ணாம்பேட்டை எங்கள் பக்கத்துச் சுடுகாடு. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். இவர் மட்டும் சிரிக்காமல், பூவரசு எரிப்பதற்கான மரம் இல்லை என்று கண்டக்டருக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதே பஸ் போய்விட்டது. அடையாற்றுப் பாலத்தைத் தாண்டி மயிலாப்பூர் வரைக்கும் நடந்தோம். அவர் முன்னால் கட்டையோடு, நான் பின்னால் பட்டுப்புடவையோடு. வழியில் ஒரு பெரியவர் எங்களைப் பார்த்துவிட்டு வருத்தத்தோடு தலையை ஆட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

அந்தக் கட்டையோடு மாதக்கணக்கில் உட்கார்ந்தார். நான் பேசுவதை விட்டுவிட்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முடிந்தபோது அது நன்றாகத்தான் இருந்தது. அதே கிழிந்த வாய்தான், அதே உருண்டைக் கண்தான், ஆனால் பயமுறுத்தவில்லை. நமக்காக யாரையோ பார்த்துச் சத்தம் போடுகிற மாதிரி இருந்தது. மரத்தின் ரேகை நெற்றியிலிருந்து வயிறுவரை அலை அலையாக இறங்கியது. உப்புத்தாள் போட்டுப் போட்டு, தொட்டால் குழந்தையின் கன்னம் மாதிரி இருந்தது. காலடியில் தன் பெயரின் முதலெழுத்தை இங்கிலீஷில் வெட்டியிருந்தார். ஆபீஸ் ஆண்டுவிழாவில் ஊழியர்கள் செய்த கைவேலைகளுக்குக் கண்காட்சி உண்டு என்றும், அதில் இதை வைக்க மேனேஜரே ஒத்துக்கொண்டார் என்றும் சொன்னார். சரி, இதோடு இந்தப் பைத்தியத்துக்கு ஒரு மரியாதையாவது கிடைக்கட்டும் என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்த மாட்டாரே. படத்தில் இருப்பவை கடல் காற்று பட்டு வெளுத்துச் சாம்பல் பூத்து இருக்கின்றன, இது புதுச் செருப்பு மாதிரி பளபளக்கிறது என்று ஒரு குறை கண்டுபிடித்தார். ஈர உப்பு மணலில் ஒரு வாரம் புதைத்து வைத்தால் மரத்துக்கு வயது ஏறும் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பொம்மையைத் துணியில் சுற்றிக்கொண்டு, சாந்தோமுக்குத் தெற்கே, அடையாறு கடலில் கலக்கிற பக்கம் போய்ப் புதைத்துவிட்டு வந்தார். இடம் மறந்துபோகும் என்று நான் சொன்னதற்கு, டிரேசிங் தாளில் அளவோடு படம் போட்டு வைத்திருக்கிறேன் என்று பெருமையாகக் காட்டினார். எல்லா அளவும், கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு கட்டுமரத்திலிருந்து எடுத்தவை. கட்டுமரம் கடலுக்குப் போகும் என்று டிராஃப்ட்ஸ்மேனுக்குத் தோன்றவில்லை.

நடுவாரத்தில் காற்றும் மழையும் பிடித்துக்கொண்டன. லஸ் பக்கம் மரங்கள் விழுந்தன. கடல் தண்ணீர் ரோடு வரைக்கும் வந்துவிட்டதாகச் சொன்னார்கள். மழை விட்டதும் ஓடினார். கட்டுமரமும் இல்லை, அடையாளத்துக்கு அவர் நட்ட குச்சியும் இல்லை, மணல்மேடே இல்லை. ஆபீஸுக்கு லீவு போட்டு இரண்டு நாள் தோண்டிப் பார்த்துவிட்டு, வெறுங்கையோடு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். தொலைந்தது சனியன் என்று எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி வந்தது உண்மை. ஆனால் அந்தச் சத்தத்தைவிட இந்த மௌனம் மோசமாக இருந்தது. சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிடுவார்.

எங்களுக்கு வழக்கமாக மீன் கொண்டுவரும் அம்மா, அவர் பொம்மையைப் புதைத்த கரையை ஒட்டியிருந்த மீனவர் குப்பத்தைச் சேர்ந்தவள். காற்று மழையால் சில நாட்கள் வராமல் இருந்தவள், ஒருநாள் காலையில் நெத்திலிக் கருவாட்டோடு வந்தாள். முகம் வற்றிப்போயிருந்தது. உடம்பு சரியில்லையா என்றதற்கு ஒன்றுமில்லை என்றாள். பிறகு, எங்கேயோ பார்த்துக்கொண்டு, எங்கள் குப்பத்துக்குக் கடலம்மா ஒரு சாமியைக் கொடுத்திருக்கிறாள் என்றாள். எப்படி இருக்கும் என்று பேச்சுக்குக் கேட்டேன். பெரிய கண்ணு, வாய் இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை, கை ரெண்டும் வயிற்றுமேல என்றாள். எனக்குக் கையிலிருந்த முறம் நழுவியது. கீழே வீட்டுக்காரம்மா குழாயடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததால், அவளும் மேலே சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இவரிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. பொம்மை கிடைத்த சந்தோஷம் ஒரு நிமிஷம்தான் இருந்தது. அதைச் சாமியாக்கிவிட்டார்கள் என்ற கோபம் வந்து அதை மூடிவிட்டது. எந்த மனுஷன் எதைச் செய்தாலும் அதற்கு மஞ்சள் பூசிக் கும்பிடுவதா, இந்த நாடு எப்படி உருப்படும் என்று என்னை உட்காரவைத்து ஒரு கூட்டமே நடத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை போய், காலடியில் இருக்கிற எழுத்தைக் காட்டி, எல்லோருக்கும் புரிய வைத்துவிட்டு எடுத்துக்கொண்டு வரப்போவதாகச் சொன்னார். குப்பத்து மக்கள் நடுவில் போய் உங்கள் சாமி பொய் என்று சொல்லிவிட்டு, இவர் முழுசாகத் திரும்பி வருவாரா என்று எனக்குப் பயம். நானும் வருகிறேன், வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், நான் நயமாகப் பேசி வாங்கித் தருகிறேன் என்று சொல்லிக் கூடவே போனேன்.

குடிசைகளுக்குக் கடைசியில், கடலைப் பார்த்த மாதிரி, தென்னங்கீற்றில் ஒரு சின்னச் சாய்ப்பு இறக்கியிருந்தார்கள். அதற்குள் அது நின்றது. முகமெல்லாம் மஞ்சள், நெற்றியில் குங்குமம், கழுத்தில் வேப்பிலை மாலை. ஊதுவத்தி புகைந்தது. எதிரில் மணலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபது வயதுகூட இருக்காது. நிறைமாதம் இல்லை, ஆனாலும் வயிறு நன்றாகத் தெரிந்தது. தலை வாரிப் பல நாள் ஆகியிருக்கும். வாழையிலையில் சோறு வைத்து, அந்தக் கிழிந்த வாய்க்கு நேரே நீட்டிக்கொண்டு ஏதோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

இவருக்கு அந்தப் பெண் கண்ணில் படவில்லை. மரத்தின் மேல் ஊதுவத்திப் புகை படிகிறதே என்று பதறிக்கொண்டு நேராக நடந்தார். நான் கையைப் பிடிப்பதற்குள் போய்விட்டார். அதற்குள் மீன்காரம்மா எங்கிருந்தோ வந்து, என்னை ஒரு கட்டுமரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். அவளிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், இது வந்து எங்கள் வீட்டுக்காரர், என்று இழுத்தேன்.

"எனுக்கு இன்னா கண்ணு அவிஞ்சா பூட்ச்சி? ஒங்க மாடிப் படில இதோட தம்பிங்கள தெனம் பாத்துக்கினுதான கீறேன். கால்ல இங்கிலீசு எழுத்து வேற கீது. சாமி எங்கனா கையெழுத்துப் போடுமா?" என்றாள்.

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள். காற்று பிடித்த அன்றைக்குக் காலையில் அவளுடைய ஒரே மகனும் அவனுடைய கூட்டாளியும் கட்டுமரத்தில் போனவர்கள். திரும்பவில்லை. மற்றவர்கள் வந்துவிட்டார்கள். அந்தப் பெண் மருமகள். அவன் போன நாளிலிருந்து கரையை விட்டு நகராமல், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், கடலையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். குப்பமே சொல்லியும் கேட்கவில்லை. அப்போதுதான் அலை இதைக் கொண்டுவந்து அவள் காலடியில் போட்டிருக்கிறது. சாமி வந்துவிட்டது, இனி அவரும் வந்துவிடுவார் என்று சொல்லித் தூக்கி வைத்துக்கொண்டாளாம். சாமிக்குச் சோறு வேண்டும் என்று அவளாகப் போய் உலை வைத்திருக்கிறாள். சாமிக்கு வைத்ததை வீணாக்கக் கூடாது என்று தானும் சாப்பிட்டிருக்கிறாள். இதைச் சொல்லத்தான் அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்ததாகவும், சொல்ல வாய் வரவில்லை என்றும் சொன்னாள்.

மகன் கடலில் காணாமல் போயிருக்கும்போது இவள் கூடையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு ஒருநாள் உண்மை தெரியத்தானே வேண்டும் என்று ஏதோ உளறினேன். அவள் கோபப்படவில்லை.

"நெசத்த சொல்லிட்டு நீங்க ஊட்டுக்குப் பூடுவீங்க. அப்பால அவளுக்கு யாரு சோறு ஊட்டுறது?" என்று மட்டும் கேட்டாள்.

நான் திரும்பி ஓடினேன். இவர் சாய்ப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கை பொம்மையின் காலடியைக் காட்டி நீண்டிருந்தது. வாய் திறந்துவிட்டது. இந்த மனிதருக்கு வாய் திறந்தால் மூடாது என்பது எனக்குத் தெரியும். எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். பேன்ட் சட்டை போட்ட ஒருவர், தலை கலைந்து, சாப்பிடாமல் வற்றிய முகத்தோடு நிற்கிறார். அவள் தனக்குத் தெரிந்ததைத்தான் நினைத்திருக்கிறாள்.

"நீயும் வேண்டிக்க வந்தியாண்ணா? ஒங்க ஊட்ல யாரு கடலுக்குப் போயிக்கீறாங்க?" என்று கேட்டாள்.

அவர் கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். பொம்மையைப் பார்த்தார். பிறகு அவள் வயிற்றையும், கையில் இருந்த சோற்றையும் பார்த்தார். நீட்டிய கையை இறக்கிக்கொண்டார்.

"ஆமாம்மா, கும்பிடத்தான் வந்தேன்" என்றார்.

எப்படிக் கும்பிடுவது என்று அவருக்குத் தெரியாது. மேடையில் வணக்கம் சொல்கிற மாதிரி நெஞ்சுக்கு நேரே கையை வைத்துக்கொண்டு விறைப்பாக நின்றார். அவள் எழுந்து அவர் நெற்றியில் குங்குமத்தை அப்பினாள். இலையிலிருந்து ஒரு உருண்டை சோற்றை எடுத்துக் கொடுத்தாள். மணலில் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டார். அவர் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு அவளும் சாப்பிட்டாள். பல நாளைக்குப் பிறகு இருவரும் ஒழுங்காகச் சாப்பிட்டது அன்றைக்குத்தானாக இருக்கும்.

திரும்பும் வழி முழுவதும் பொரிந்து தள்ளினார். "நான் செஞ்சத நானே கும்பிட்டுட்டு வரேன். எவன்கிட்டயாவது சொல்ல முடியுமா இதை?" என்று ஆரம்பித்து, மூடநம்பிக்கையைத் திட்டினார், கடலைத் திட்டினார், வாயைத் திறக்காதே என்று சொன்ன என்னையும் திட்டினார். அந்தப் பெண்ணை மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேர்வையில் குங்குமம் மூக்குவரை வழிந்திருந்தது. அதைத் துடைக்கவும் இல்லை. மறந்துவிட்டாரா, மனசு வரவில்லையா என்று நான் கேட்கவில்லை.

ஆண்டுவிழா வந்தது. கை அளவுப் பொம்மை ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். தீப்பெட்டிக் குச்சியில் தாஜ்மகால் செய்த யாருக்கோ பரிசு கொடுத்துவிட்டார்கள். அதைப் பற்றிக்கூட அவர் புலம்பவில்லை. உளியை எடுப்பதே இல்லை. இந்தத் தட்டுகிற சத்தம் எப்போது நிற்கும் என்று நான் ஏங்கியது போக, எப்போது கேட்கும் என்று காத்திருக்க ஆரம்பித்தேன். ஒருநாள் நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் வந்து நின்று, "ஒருவேளை அவன் வரலைன்னா, அந்தப் பொண்ணு என்ன ஆகும்?" என்று கேட்டார். ஆள் வராவிட்டால் அந்தச் சாமியும் அவளை ஏமாற்றியதாகத்தானே ஆகும். அதைச் செய்த கை தன்னுடையது என்ற உறுத்தல் இவருக்கு இருந்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போனோம். வழக்கம்போல வெளியே நின்றார். நான் திரும்பி வந்தபோது பூக்காரம்மாவோடு விவாதம் எதுவும் நடக்கவில்லை. செருப்பைக் கொடுத்துவிட்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு, அந்தப் பையனுக்கும் சேர்த்துத்தானே கேட்டாய் என்றார். ஆமாம் என்றேன்.

அடுத்த வாரம் ஒருநாள் காலையில், மீன்காரம்மா மாடிப்படியில் ஏறி வருகிற வேகத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கூடையில் ஒரு முழு வஞ்சிரம் இருந்தது. அதை என் கையில் திணித்துவிட்டு, படியிலேயே, அந்தப் பொம்மைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அத்தனை நாளாக அழாததையெல்லாம் அங்கே அழுது முடித்தாள்.

கட்டுமரம் காற்றில் தெற்கே அடித்துக்கொண்டு போய், கடலூருக்கும் கீழே உடைந்திருக்கிறது. அங்கே ஒரு குப்பத்து ஆட்கள் இரண்டு பேரையும் தண்ணீரிலிருந்து இழுத்துப் போட்டு, காய்ச்சல் தணிகிறவரை தங்கள் குடிசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். லாரி டிரைவர் ஒருவரிடம் சொல்லி அனுப்பிய செய்தியை அவர் காசிமேட்டுப் பக்கம் வேறு ஏதோ குப்பத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். கடைசியில் அவர்களாகவே இன்னொரு லாரி பிடித்து வந்து இறங்கியிருக்கிறார்கள்.

இவருக்கு அந்த நிமிஷமே அவனைப் பார்க்க வேண்டும். ஆபீஸுக்கு மட்டம் போட்டுவிட்டுக் கிளம்பினார். நானும் போனேன். கயிற்றுக் கட்டிலில் அவன் எலும்பும் தோலுமாக, உதடு வெடித்து, ஆனால் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெண் தலை வாரிப் பூ வைத்திருந்தாள். இவர் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் நினைத்தபோது, திரும்பிச் சாய்ப்பைப் பார்த்தார்.

நேர்த்திக்கடன் போலிருக்கிறது. சாமிக்கு எனாமல் பெயின்ட் அடித்திருந்தார்கள். படகுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட். உடம்பு பச்சை, வாய் சிவப்பு, பல் வெள்ளை, வயிறு மஞ்சள். மாதக்கணக்கில் உப்புத்தாள் போட்டு எடுத்த அந்த அலை அலையான ரேகை, அப்படி ஒன்று இருந்ததா என்கிற மாதிரி மறைந்துவிட்டிருந்தது. அவரிடமிருந்து ஒரு முனகல் வந்தது. கண் கலங்கியிருந்தது. பக்தியில் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

கட்டிலில் இருந்தவனிடம் அவர் மெதுவாகப் பேச்சை ஆரம்பித்தார். உன்னைக் காப்பாற்றியது கடலூர்ப் பக்கத்து ஆட்கள், அவர்களுக்குத்தான் நீ கடமைப்பட்டிருக்கிறாய் என்றார். அவன், தெரியும்ணா, அம்மா எல்லாம் சொல்லிவிட்டது, நீ செய்தது என்றும் தெரியும் என்றான். பிறகு, சாய்ப்பில் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்த மனைவியைக் கண்ணால் காட்டி, வேண்டுமானால் நீயே போய்ச் சொல்லேன் என்று சிரித்தான்.

இவர் போனார். அவள் பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரம் பெயின்டையே முறைத்துவிட்டு, கண்ணுக்கு இப்படியா அடிப்பது, வழிந்திருக்கிறது பார், பிரஷ் இருக்கிறதா என்று கேட்டார். அவள் எடுத்து வந்து கொடுத்தாள். மணலில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, அடிப்பதே அடிக்கிறீர்கள், ஒழுங்காக அடிக்க வேண்டாமா என்று முணுமுணுத்துக்கொண்டே, மத்தியானம்வரை கண்ணையும் பல்லையும் திருத்திக்கொண்டிருந்தார். நான் வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இரண்டு முறை மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவர் மாறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். இன்றைக்கும் கோயில் வாசலில்தான் நிற்கிறார். இன்றைக்கும் யாராவது ராகுகாலம் என்று சொல்லிவிட்டால் அரைமணி நேரம் பாடம் எடுக்கிறார், நான் தலையில் அடித்துக்கொள்கிறேன். ஆனால் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. யாராவது எதையாவது தப்பாக நம்பிக்கொண்டிருப்பதைப் பார்த்துத் திருத்த வாயெடுக்கும்போதெல்லாம், கட்டுமரத்துக்குப் பின்னால் நின்று அந்த அம்மா கேட்டது காதில் விழுகிறது. முதலில் அவர்கள் சாப்பிட்டார்களா என்றுதான் கேட்கிறேன்.